மூத்தாள் பிள்ளை, இளையாள் பிள்ளை

'தாய் செத்தால் தகப்பன் சிற்றப்பன்' என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. மாற்றாந்தாயின் கொடுமையைப் பற்றி நம்மிடையே வழங்கும் கதைகளுக்குக் கணக்கில்லை. ஆயினும் இப்பழமொழி மாற்றாந்தாயைப் பற்றி ஒரு சொல்லும் உரைக்கவில்லை. அது தந்தையையே சுட்டுகிறது. தாயை இழந்த பிள்ளைக்கு நேரும் இரண்டாவது இழப்பு புதியவள் ஒருத்தியின் வருகையன்று. நேற்றுவரை தந்தையாய் இருந்தவர் ஓரடி விலகி நின்று சிற்றப்பனாகிவிடுவதே என்பது அதன் உட்பொருள். ஏடெடுத்துப் படிக்காத நம் பாட்டிமார், குடும்பத்தின் நோய் எவ்விடத்தில் தொடங்குகிறது என்பதை இவ்வளவு துல்லியமாய்க் கண்டிருந்தனர்.

துணையை இழந்தவர் மறுமணம் செய்துகொள்வதைத் திருச்சபை தடுப்பதில்லை. கணவன் இறந்தபின் மனைவி தான் விரும்பியவரை ஆண்டவருக்குள் மணந்துகொள்ளலாம் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில் கற்பிக்கிறார். 1274-ஆம் ஆண்டு கூடிய இரண்டாம் லியோன் பொதுச்சங்கத்தில் ஏற்கப்பட்ட விசுவாச அறிக்கையும் இதனை உறுதி செய்தது. எனினும், மணந்துகொள்ளும் உரிமை வேறு. அம்மணத்தால் உருவாகும் குடும்பத்தை நடத்தும் பொறுப்பு வேறு.

மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள். அவர் மணக்கும் கைம்பெண்ணுக்கு ஒரு பிள்ளை. பின்னர் இருவருக்குமாக ஒரு பிள்ளை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஆறு பேர். இருவர் இருவராகச் சேர்த்து எண்ணினால் அவ்வீட்டில் 15 உறவுகள் உள்ளன. அவற்றுள் கணவன் மனைவி உறவு ஒன்றுக்கு மட்டுமே நாம் கோவிலில் ஓலை வாசிக்கிறோம். பீடத்தின்முன் ஆசியும் வழங்குகிறோம். எஞ்சிய 14 உறவுகளுக்கு ஓலையும் இல்லை, ஆசியும் இல்லை. அவற்றுள் சில பிறப்பிலேயே அமைந்தவை. சில ஒருவர் சம்மதமும் கேளாமல் ஒரே நாளில் உண்டானவை. அத்தகைய வீடு வாழ்வதும் வீழ்வதும் பெரும்பாலும் அந்த 14-இல் ஏதேனும் ஒன்றைப் பற்றியே நிகழ்கிறது. இதனை வரலாற்றின் துணைகொண்டு எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சித்தி என்னும் சொல்

தமிழில் தாயின் தங்கையும் சித்தி. தந்தையின் இரண்டாம் மனைவியும் சித்தி. இரு பொருளுக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலன்று. பிள்ளைகளை விட்டு மனைவி இறந்தால், அவள் தங்கையையே அவ்வீட்டுக்கு அனுப்பிவைப்பது நம் குடும்பங்களில் வழக்கமாய் இருந்தது. பிள்ளைகளுக்கு அவள் முன்னரே சித்தி, இனியும் சித்தி. புதிய பெயர் தேவைப்படவில்லை. தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் மாமனும் உறவு அறுந்துபோகாமல் நின்றனர். இறந்தவளைப் பற்றி வீட்டில் பேசுவதற்கும் தடை எழவில்லை. ஏனெனில் வந்தவளுக்கும் அவள் அக்காள் அல்லவா?

திருச்சபைச் சட்டம் இதனை எளிதாக விட்டுவிடவில்லை. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு மனைவியின் உடன்பிறந்தாளை மணப்பதைத் திருமண உறவுத் தடையாகக் கொண்டிருந்தது. விதிவிலக்குப் பெற்றே அத்தகைய மணம் நடைபெறும். 1983-ஆம் ஆண்டின் புதிய தொகுப்பு அத்தடையை நீக்கியது. ஆனால் நேர்வழித் தடையை, அதாவது மனைவியின் மகளையோ தந்தையின் மனைவியையோ மணக்கலாகாது என்பதை, அது அப்படியே வைத்துக்கொண்டது. இந்நுட்பம் சிந்திக்கத்தக்கது. இரத்தத்தொடர்பு இல்லாவிடினும் மனைவியின் மகள் மகள் முறையே ஆவாள், அம்முறை மனைவி இறந்தபின்னும் அழியாது என்று திருச்சபை கருதுகிறது. ஓலை வாசிக்கப்படாத அந்த 14 உறவுகளையும் திருச்சபை உறவுகளாகவே மதிக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

தந்தை ஒருவர், தாயர் இருவர்

கூடுவாஞ்சேரி என்று நாம் சுருக்கி அழைக்கும் நம் ஊரின் நகராட்சிப் பெயர் நந்திவரம்-கூடுவாஞ்சேரி. ஊர்ப்பெயரின் தோற்றத்தை இங்கே ஆராயப்போவதில்லை. ஆனால் இத்தொண்டை மண்ணில் நந்தி என்ற பெயரைக் கேட்டவுடன் ஒன்பதாம் நூற்றாண்டில் தெள்ளாற்றுப் போரில் வென்ற மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் நினைவுக்கு வருகிறான். அவன்மீது பாடப்பட்டது நந்திக் கலம்பகம். மாற்றாந்தாய் வயிற்றில் பிறந்த தம்பி ஒருவன், அரசில் தனக்குப் பங்கில்லாத மனக்குறையால் அறம் வைத்து அந்நூலைப் பாடினான் என்றும், கேட்டால் உயிர் போகும் என்றறிந்தும் தமிழின்பால் கொண்ட காதலால் அரசன் அதைக் கேட்டு உயிர்நீத்தான் என்றும் கதை வழங்குகிறது. கல்வெட்டுகள் இக்கதைக்குச் சான்று தரவில்லை. ஆயினும், தந்தை ஒருவரும் தாயர் இருவருமாய் இருந்த வீட்டின் பிள்ளைகளுக்கிடையே இத்தகைய பகை எழக்கூடும் என்று இம்மண்ணின் மக்கள் எளிதில் நம்பினர் என்பதற்குக் கதையே சான்றாகிறது.

பாண்டிய நாட்டில் நடந்ததோ கதையன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் மாறவர்மன் குலசேகரன் ஆண்டபோது அந்நாடு செல்வத்தில் திளைத்தது. அக்காலத்தில் இக்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ ஒரு செய்தியை எழுதிவைத்துள்ளார். இந்நாட்டு அரசர்களான சகோதரர்கள் தமக்குள் போரிட முனையும்போதெல்லாம் அவர்களைப் பெற்ற தாய் நடுவில் வந்து நிற்பாளாம். உங்களுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று கத்தியை எடுப்பாளாம். மைந்தர் பகையை விட்டு அகல்வராம். அத்தாய் மறைந்தால் இவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வர் என்றும் அவர் எழுதினார்.

குலசேகரனுடைய மைந்தர் இருவர்: சுந்தரபாண்டியன், வீரபாண்டியன். முன்னவன் பட்டத்தரசியின் மகன், பின்னவன் வேறொருத்தியின் மகன் என்றும், தந்தை பின்னவனையே தனக்குப்பின் அரசனாக்க விரும்பினான் என்றும், அதனால் சினந்த சுந்தரபாண்டியன் 1310-இல் தந்தையையே கொன்றான் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். தந்தைக்கொலையை ஐயுறும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் இரு சகோதரரும் போரிட்டதில் ஐயமில்லை. 1311-இல் தில்லிப் படையுடன் மாலிக் காபூர் தெற்கே வந்தபோது பாண்டிய நாடு இரண்டுபட்டுக் கிடந்தது. மதுரை சூறையாடப்பட்டது, பேரரசாய் விளங்கிய பாண்டியர் ஆட்சி அதன்பின் பழைய நிலைக்கு மீளவில்லை.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து நோக்குக. மார்க்கோ போலோ கூறும் சகோதரர்களுக்குப் பொதுவான தாய் ஒருத்தி இருந்தாள். பகைவர் இருவருக்கும் தான் வேண்டியவள் என்பதனாலேயே அவள் நடுவில் நிற்க முடிந்தது. சுந்தரனுக்கும் வீரனுக்கும் அத்தகைய தாய் இல்லை. இருவருக்கும் பொதுவாய் நின்றவன் தந்தை ஒருவனே. அவனும் ஒரு பக்கம் சாய்ந்தபோது நடுவில் நிற்க எவரும் இல்லாமற்போயினர். மறுமணக் குடும்பத்தின் முதற்பாடம் இதுவே. இரு கரைகளுக்கும் பொதுவாய் இருப்பவர் பெற்ற தந்தை அல்லது பெற்ற தாய் ஒருவர்தாம். அவர் பாலமாய் நில்லாமல் ஒரு கரையில் ஏறிக்கொண்டால், மற்றவர் எவ்வளவு நல்லவராய் இருந்தாலும் ஆற்றைக் கடத்தல் அரிது.

தஞ்சையில் ஒரு சிறுவன்

தஞ்சை மராத்திய அரசர் துளசா, தம் மக்கள் அனைவரையும் இழந்தபின், தாம் இறக்கும் தறுவாயில் 1787 சனவரியில் சரபோசி என்னும் ஒன்பது வயதுச் சிறுவனைத் தத்தெடுத்தார். சிறுவனைக் காக்கும் பொறுப்பைத் தம் நண்பரான சுவார்ட்சு ஐயரிடம் ஒப்படைக்க விழைந்தார். சுவார்ட்சு செருமானிய நாட்டு லூத்தரன் சபைப் போதகர். நம் சபையினர் அல்லர். அரசரின் சகோதரரான அமர்சிங்கிடமே அப்பொறுப்பைத் தருதல் முறை என்று அவர் அறிவுரை கூறினார். அமர்சிங் துளசாவின் தந்தைக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்தவர். அரசர் இறந்த சில மாதங்களுக்குள் தத்து செல்லாது என்று சாத்திரிகள் கருத்துரைக்க, ஆங்கிலேயர் அமர்சிங்கையே அரியணையில் அமர்த்தினர்.

அதன்பின் அரண்மனையில் அச்சிறுவன் அடைபட்டுக் கிடந்தான். கல்வி கற்பிப்பார் இல்லை. காவல் பூண்டவரே அவனுடைய உரிமைக்குப் போட்டியாளராய் இருந்தமையால், அவன் வளர்வதே அவருக்கு அச்சமாயிற்று. துளசாவின் கைம்பெண்களான அரசியரும் அவ்வாறே நெருக்குண்டனர். அவர்கள் சரபோசியைப் பெற்றவர் அல்லர். இறந்த கணவர் தம் இறுதி நாளில் கைப்பிடித்துக் கொடுத்த பிள்ளை என்பதே அவர்களுக்கும் அவனுக்கும் இருந்த தொடர்பு. எனினும் அவர்கள் அவன் பக்கமே நின்றனர். சுவார்ட்சு இடைவிடாது முறையிட்டதன் பயனாய் 1793-இல் சிறுவனும் அரசியரும் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே கெரிக்கே என்னும் மறைபணியாளரின் மேற்பார்வையில் அவன் கல்வி கற்றான். சாத்திரிகளின் கருத்து மீண்டும் கேட்கப்பட்டு, தத்து செல்லும் என முடிவாயிற்று. 1798 பிப்ரவரியில் சுவார்ட்சு இறந்தார். அவ்வாண்டு சூன் மாதத்தில் சரபோசி அரியணை ஏறினார்.

அடுத்த ஆண்டிலேயே ஆட்சியுரிமை ஆங்கிலக் கம்பெனிக்குச் சென்றுவிட்டது. அரசுரிமை பறிபோனாலும், சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த அறிஞராய்ச் சரபோசி இன்றும் போற்றப்படுகிறார். சுவார்ட்சுக்கு நினைவுச்சின்னம் ஒன்றை இங்கிலாந்தின் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு செதுக்குவித்துத் தஞ்சைக் கோட்டைக் கோவிலில் நிறுவினார். அதில் பொறிக்கப்பட்ட ஆங்கிலக் கவிதையை அவரே இயற்றினார். அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனால் தம்மை வளர்த்தவரை ஒரு மகன் நினைவுகூர்வதுபோல் நினைவுகூர்ந்தார்.

இவ்வரலாற்றில் இரத்தத்தொடர்பு உடையவர் என்று நம்பி ஒப்படைக்கப்பட்ட இடத்தில் பிள்ளைக்குப் புகலிடம் கிடைக்கவில்லை. பெறாத தாயரும் வேற்று நாட்டுப் போதகரும் அதனைத் தந்தனர். உறவு முறையின் பெயரைக் கொண்டு மட்டும் ஒருவர் நமக்கு யாராவார் என்பதை முடிவுசெய்ய இயலாது. பிள்ளையின் வளர்ச்சியால் தமக்கு என்ன இழப்பு நேரும் என்று கணக்கிடுபவர் தந்தையின் உடன்பிறந்தவரே ஆயினும் அயலாரே. அக்கணக்கைப் பாராதவர் அயலாரே ஆயினும் பெற்றோரே.

செல்சி நகர இல்லம்

மாற்றாந்தாய்க்கு வரலாற்றில் நல்ல பெயர் கிடைப்பது அரிது. அதற்குக் காரணம் என்ன என்பதை ஒரு புனிதரின் இல்லமே நமக்குக் காட்டுகிறது. இங்கிலாந்தின் புனித தாமஸ் மூர் 1505-இல் ஜேன் கோல்ட் என்னும் பெண்ணை மணந்தார். மார்கரெட், எலிசபெத், சிசிலி, ஜான் என்று நான்கு பிள்ளைகள். 1511-இல் ஜேன் இறந்தார். சில வாரங்களுக்குள் மூர், தம்மினும் மூத்தவரான ஆலிஸ் மிடில்டன் என்னும் கைம்பெண்ணை மணந்துகொண்டார். ஆலிசுக்கு முதற்கணவரால் பிறந்த மகள் ஒருத்தி. அவள் பெயரும் ஆலிஸ். இவர்களோடு மார்கரெட் கிக்ஸ் என்னும் வளர்ப்பு மகளும் இருந்தாள். பின்னர் செல்சியில் பெயர்பெற்ற இல்லத்தில் பிள்ளைகள் அனைவருக்கும் மூர் இலத்தீனும் கணிதமும் வானியலும் கற்பித்தார். மகன், மகள், மனைவியின் மகள், வளர்ப்பு மகள் என்ற வேறுபாடு அங்கே பாடத்தில் இல்லை.

ஆலிஸ் அம்மையாரை வாய்த்துடுக்கு மிக்கவர், கணவரின் உள்ளத்தை அறியாதவர் என்றே நூல்கள் காட்டிவந்துள்ளன. இச்சித்திரத்தைப் பெரிதும் தந்தவர் வில்லியம் ரோப்பர். அவர் யார்? மூத்தாள் மகளான மார்கரெட்டின் கணவர். சிறையில் இருந்த மூரை ஆலிஸ் கண்டு கடிந்துகொண்டதை அவர் விரிவாக எழுதினார். ஆனால் அதே ஆலிஸ் 1535-இல் அமைச்சர் கிராம்வெல்லுக்கு மடல் எழுதி, சிறையிலுள்ள கணவரின் உணவுக்காக வாரம் 15 ஷில்லிங் செலுத்தத் தம் உடைகளையே விற்க நேர்ந்த நிலையைத் தெரிவித்தார். மூர் தாம் உயிரோடிருக்கும்போதே செல்சிக் கோவிலில் தம் கல்லறைக்கென எழுதிவைத்த வாசகத்தில், இவள் தன் கணவனின் முதல் தாரத்துப் பிள்ளைகளிடம் காட்டிய பாசத்தைத் தாம் பெற்ற பிள்ளைகளிடம் காட்டும் தாயர் சிலரே என்ற கருத்தைப் பொறித்தார். முதல் மனைவியையும் அக்கல்லில் மறக்கவில்லை. இருவருள் எவர் தமக்கு மிக அருமையானவர் என்று தம்மால் கூற இயலாது என்று உரைத்தார்.

ஆக, ஒரே அம்மையாரைப் பற்றி மூத்தாள் மருமகனின் ஏடு ஒன்று கூறுகிறது. கணவரின் கல் மற்றொன்று கூறுகிறது. இரண்டும் பொய்யாக வேண்டியதில்லை. ஆலிசும் மார்கரெட்டும் கொண்ட உறவு ஒன்று. ஆலிசும் மூரும் கொண்ட உறவு வேறொன்று. ஓர் உறவின் கண்கொண்டு மற்றோர் உறவை அளந்ததனால் ஓர் அம்மையாரின் பெயர் நூற்றாண்டுகளுக்குக் கெட்டது. நம் ஊரிலும் 'அவள் எப்படிப்பட்டவள்' என்று கேட்போர், யாரிடம் கேட்கிறோம் என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் நலம்.

அவ்வில்லத்தின் ஏனைய உறவுகளையும் காண்போம். 1534-இல் மூர் சிறைப்பட்டிருந்தபோது, அரசின் தலைமை நீதியமைச்சராய் இருந்த ஆட்லியிடம் அவருக்காகப் பரிந்து பேசியவள் மனைவியின் மகள் ஆலிஸ். பேசியதை மார்கரெட்டுக்கு எழுதிய மடலில் மூரைத் தன் தந்தை என்றே குறிக்கிறாள். 1535 சூலை 6 அன்று மூர் தலைவெட்டுண்டார். அதற்கு முந்தைய நாள் கரித்துண்டால் எழுதிய இறுதி மடலில் பெற்ற மக்களுக்கு ஆசி கூறியதோடு, வளர்ப்பு மகள் மார்கரெட் கிக்ஸின் கணக்குப் பலகையை நினைவாய் அவளுக்குத் திருப்பி அனுப்பினார். மரண நிழலிலும் அவளுடைய சிறு பொருளை அவர் மறக்கவில்லை. வேறுபாடின்றி நடத்தினேன் என்று அவர் எங்கும் பறைசாற்றவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே நினைத்தார். எல்லோரையும் ஒன்றுபோல் நடத்துவதைக் காட்டிலும் ஒவ்வொருவரையும் அவரவர்க்கு உரியபடி நினைப்பது கடினம். அதுவே பிள்ளைகளின் உள்ளத்தில் தங்குவது.

வெளியே சென்றவரும் உறுப்பினரே

குடும்பத்தின் கணக்கில் வீட்டில் இருப்போரை மட்டும் எண்ணுவது போதாது. மறைந்த தாய், பிரிந்து சென்ற தந்தை, அவர்களின் உறவினர் யாவரும் அக்குடும்பத்தின் உறவுகளில் பங்குடையவரே. ஓரியூர்ச் செம்மண்ணைப் போற்றும் நாம் இதனை மறத்தலாகாது. மறவர் நாட்டுத் தடியத்தேவர் 1693 சனவரியில் புனித அருளானந்தர் கையால் திருமுழுக்குப் பெற்றபோது, தம் மனைவியர் ஐவருள் மூத்தவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரை விலக்கினார். கிறிஸ்தவ மணநெறி அதனை வேண்டிற்று. விலக்கப்பட்டவருள் இளையவரான கடலை என்னும் பெண் கிழவன் சேதுபதியின் உறவினர் மகள். அவர் சேதுபதியிடம் முறையிட்டார். பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் ஓரியூரில் தம் குருதியைச் சிந்தினார். புனிதரின் சாட்சியம் நமக்குப் பெருமை. அதனோடு, ஒரு வீட்டிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட பெண்ணுக்கும் தன் மானம், தன் சுற்றம், தன் கண்ணீர் உண்டு என்பதையும் அவ்வரலாறு நமக்குச் சொல்கிறது. பிரிந்த துணையைப் பழித்துப் பிள்ளைகளிடம் பேசுவோர், அப்பிள்ளைகளின் உடலில் பாதி அவருடையது என்பதை எண்ணுவாராக.

சட்டம் கூறுவது

சொத்து என்று வரும்போது உறவின் உண்மை நிலை வெளிப்படும். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், முழு இரத்த உறவுக்கும் அரை இரத்த உறவுக்கும் வாரிசுரிமையில் வேறுபாடு இல்லை என்கிறது. தந்தை ஒருவராயின் மூத்தாள் பிள்ளையும் இளையாள் பிள்ளையும் தந்தை சொத்தில் சமம். இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டமோ, மற்றவை ஒத்திருக்கும்போது முழு இரத்த உறவினருக்கு முன்னுரிமை தருகிறது. ஆனால் மனைவி தன் முதற்கணவரால் பெற்றுக் கூட்டிவந்த பிள்ளைக்கு, இரண்டாம் கணவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொத்தில் பங்கில்லை. இருபது ஆண்டுகள் அவரை அப்பா என்றழைத்திருந்தாலும் இல்லை. இதனை அறியாமல் இருந்துவிட்டு, இறந்தபின் கல்லறை ஈரம் காயுமுன் வீட்டில் பூட்டு மாட்டும் நிலை நேர்வதுண்டு. உயில் எழுதுவதை அபசகுனமாகக் கருதும் நம் மக்கள், அது அன்பின் கடமை என்று உணர்தல் வேண்டும். மாற்றுப் பெற்றோர் முறைப்படி பிள்ளையைத் தத்தெடுக்கவும் 2017-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குவிதிகள் வழிசெய்தன.

மறுபுறம், மூத்தோரைப் பேணும் கடமையில் சட்டம் மாற்றாந்தாயை ஒதுக்கவில்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பெற்றோர் என்பதற்குள் மாற்றாந்தந்தையையும் மாற்றாந்தாயையும் சேர்த்தே பொருள் கூறுகிறது. தம்மை வளர்த்தவளை முதுமையில் 'நீ எனக்குத் தாயல்ல' என்று தள்ளிவிட இனிப் பிள்ளைக்கு எளிதில் இயலாது.

நம் ஊரில் இன்று

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே வயல்களும் ஏரிகளுமாய் இருந்த நம் பகுதி இன்று வீடுகளால் நிறைந்துவிட்டது. பல மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தோரே நம் பங்குகளில் பெரும்பகுதியினர். முன்பு மறுமணக் குடும்பத்தைத் தாங்கி நின்ற பாட்டி, அத்தை, தாய்மாமன் ஆகியோர் இன்று தொலைவில் உள்ளனர். சித்தி சினந்தால் பாட்டி வீட்டுத் திண்ணைக்கு ஓடிய பிள்ளைக்கு, அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓட இடமில்லை. பிள்ளையிடம் எப்படி நடப்பது என்று கேட்க, வந்தவளுக்கும் மூத்தவள் ஒருத்தி அருகில் இல்லை. ஆகவே முன்பு சுற்றம் ஆற்றிய பணியில் ஒரு பகுதியை அன்பியங்களும் பங்குச் சமூகமும் ஆற்றவேண்டியுள்ளது.

பங்குப் பணியில் நாம் கண்டுவரும் சிலவற்றைக் கூறுவோம். வந்தவுடன் 'அம்மா என்று கூப்பிடு' என்று பிள்ளையை வற்புறுத்தும் வீடுகளில் அச்சொல் பல ஆண்டுகளுக்கு வாயில் வருவதில்லை. சித்தி என்றோ சின்னம்மா என்றோ அழைக்க விட்ட வீடுகளில் ஒருநாள் அது தானே வருகிறது. இறந்தவளின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிய வீட்டில் பிள்ளைகள் அதை மனத்தில் பெரிதாக மாட்டிக்கொள்கின்றனர். கல்லறைத் திருநாளன்று மூத்தாளின் கல்லறைக்கு இளையாளே பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுவரும் காட்சியும் நம்மிடையே இல்லாமல் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளின் முகத்தை நோக்கினால் போதும். தந்தை நாள்தோறும் சிறிது நேரமாவது முதல் தாரத்துப் பிள்ளையோடு தனித்துப் பேசுவாராயின், புதியவள்மேல் அப்பிள்ளைக்கு எழும் சினத்தில் பாதி தணியும். பழமொழி எச்சரித்தபடி அவர் சிற்றப்பன் ஆகவில்லை என்று பிள்ளை கண்டுகொள்ளும்.

யூதாவின் வேண்டுதல்

தொடக்கநூல் முழுவதும் இத்தகைய குடும்பங்களின் வரலாறே. யாக்கோபுக்கு நான்கு பெண்களிடம் பன்னிரு மைந்தர். இராகேலின் மகன் யோசேப்பைத் தந்தை மிகுதியாய் நேசித்து அழகிய அங்கி செய்து கொடுத்தார். சகோதரர் வெறுத்து அவரை விற்றனர். விற்கலாம் என்று யோசனை சொன்னவர் லேயாவின் மகன் யூதா. பாண்டிய நாட்டில் நிகழ்ந்தது அங்கே முன்னரே நிகழ்ந்தது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் எகிப்தில் இராகேலின் மற்றொரு மகன் பென்யமின் அடிமையாகும் நிலை வந்தபோது, அதே யூதா முன்வந்து, இவனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்று வேண்டினார். தந்தை அப்போதும் திருந்தியிருக்கவில்லை. இராகேலின் மகன்மீதே அவர் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. யூதா அதனை நன்கு அறிந்திருந்தார். தமக்கு மறுக்கப்பட்ட அந்த அன்பை மற்றொருத்தியின் மகனிடமிருந்து பறிக்க அவர் முயலவில்லை. அதைக் காக்கத் தம்மையே ஈடாகக் கொடுத்தார். யோசேப்பு வாய்விட்டு அழுதது அப்போதுதான். பெற்றவர் பாலமாய் நிற்கத் தவறிய இடத்திலும், பிள்ளைகளுள் ஒருவர் பாலமாகலாம் என்பது இவ்வரலாறு தரும் நம்பிக்கை. யூதாவின் குலத்திலேயே நம் ஆண்டவர் தோன்றினார். தாம் பெறாத பிள்ளைக்குப் பெயரிட்டு, தொழில் கற்பித்து, தந்தையாய் விளங்கிய சூசையப்பரின் இல்லத்தில் வளர்ந்தார்.

நம் ஊர்களில் ஒருவர் இறந்தால் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுகிறோம். அதில் யார் பெயர் முதலில், யார் பெயர் விடுபட்டது என்பதைப் பற்றியே சில வீடுகளில் இறுதிச்சடங்கு தாமதப்படுகிறது. சாரா ஆகாரையும் அவள் மகன் இஸ்மயேலையும் ஒரு துருத்தித் தண்ணீரோடு பாலைநிலத்துக்கு விரட்டச் செய்தாள். மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையே பெரியோர் இட்ட பிளவு அவ்வளவு ஆழமானது. எனினும் ஆபிரகாம் இறந்தபோது, தொடக்கநூல் 25-ஆம் அதிகாரத்தில், அவர் மைந்தர் ஈசாக்கும் இஸ்மயேலும் அவரை மக்பேலா குகையில் அடக்கம் செய்தனர் என்று வாசிக்கிறோம். இரண்டு பெயர்களும் ஒரே வரியில் உள்ளன. நம் குடும்பங்களில் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே அவ்விரு பெயர்களையும் ஒரே வரியில் எழுதிப் பழகுவோமாக.